இளம்பிள்ளை லைவ்: கேமராவுக்குப் பின்னாடி ஒரு ரவுண்டு!

"மாம்பழ மஞ்சள் பாடி, அரக்கு பார்டர், கிராண்ட் பல்லு, ரன்னிங் பிளவுஸ்! பிடிச்சிருந்தா டக்குனு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்ஆப் பண்ணுங்க சிஸ்டர்ஸ்!"

யூடியூபில் சேலை வீடியோ பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் குரல் அத்துப்படி. சேலத்தை ஒட்டியிருக்கும் இளம்பிள்ளையிலிருந்து வருகிற குரல் அது. ஊர் என்னவோ பேரூராட்சிதான். ஆனால் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம், கடைக்குக் கடை சேலைக் கட்டு, இப்போது கூடவே ஒரு ரிங் லைட்! அங்கே நெய்த சேலையை, அந்த ஊர்ப் பக்கமே வந்திராத ஒருவர் தூத்துக்குடியிலோ துபாயிலோ உட்கார்ந்துகொண்டு, தொட்டுக்கூடப் பார்க்காமல், முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பி வாங்குகிறார்.

நினைத்துப் பாருங்கள்! நேரில் போனால் கடையையே பிரித்துப் போடச் சொல்லி, துணியை நெருடிப் பார்த்து, பிளவுஸுக்கு எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று முழம் போட்டுப் பார்த்து, அதற்குப் பிறகும் பேரம் பேசுகிற நம் ஆட்கள்தான் இவர்கள். இவர்களையே ஒரு சின்னக் கடை திரை வழியாக நம்ப வைக்கிறது என்றால், அந்தத் திரைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது?

வாங்க, உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே தரை முழுக்கச் சேலை!

நிறத்தோடு ஒரு மல்லுக்கட்டு

லைவ் தொடங்கும் முன் நடக்கிற பெரிய வேலை, வெளிச்சத்தைச் சரிசெய்வது. போன் கேமராவுக்கு ஒரு குணம்: எதிரே இருப்பதைப் பார்த்துத் தானாகவே நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்திக்கொள்ளும். திரை முழுவதையும் ஒரே நிறம் அடைத்துக்கொண்டால் அதற்குக் குழப்பம் வந்துவிடும். கத்தரிப்பூ நிறம் நீலமாகத் தெரியும். அடர் சிவப்பு பளீரென்று ரோஸ் பக்கம் ஓடும். மஞ்சள் பல்பு ஒன்று மூலையில் எரிந்தாலே போதும், சந்தன நிறம் அத்தனையும் வேறு நிறமாகிவிடும்.

அதனால் விவரமான கடைக்காரர் என்ன செய்கிறார் தெரியுமா? மஞ்சள் விளக்குகளை அணைக்கிறார். பின்னால் வெள்ளைத் திரை கட்டுகிறார். போன் திரையில் சேலை மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சம் மாறாதபடி பூட்டுகிறார். அழகு கூட்டும் ஃபில்டர் எதையும் தொடுவதில்லை. அப்புறம்தான் அந்தச் சாமர்த்தியமான அசைவு: சேலையின் மேல் தன் உள்ளங்கையை வைத்துக் காட்டுவது! கை நிறம் எப்படி இருக்கும் என்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். கை நிறம் சரியாகத் தெரிந்தால் சேலை நிறமும் சரி. இத்தனை நாள் அது சும்மா துணியைத் தடவிக் காட்டுவதற்கு என்று நினைத்திருந்தால், இனி உற்றுப் பாருங்கள்.

டபுள் ஷேடு சேலை என்றால் இன்னும் கொண்டாட்டம். பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொரு நிறம். மடிப்பு திரும்பும் பக்கமெல்லாம் சேலை வேறு முகம் காட்டும். ஒற்றை போட்டோவில் அது அகப்படவே அகப்படாது. அதனால்தான் கேமரா முன்னால் சேலையை உதறி, திருப்பி, மடித்து, மறுபடி விரிக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சில கடைக்காரர்கள் ஒரு வரி சேர்த்துச் சொல்வார்கள்: "வீடியோவுல கொஞ்சம் டார்க்கா தெரியுது, நேர்ல ஒரு ஷேடு லைட்டா இருக்கும்." கேட்கவே எவ்வளவு ஆனந்தமாக இருக்கிறது! இது நல்ல மனசு மட்டுமல்ல, நல்ல கணக்கும்கூட. நிறம் மாறிப்போய் ஒரு சேலை திரும்பி வந்தால் போன கொரியர் காசும் போச்சு, வந்த கொரியர் காசும் போச்சு. சில நூறு ரூபாய்ச் சேலையில் கிடைக்கும் லாபத்தை அந்த ஒரு ரிட்டர்ன் விழுங்கிவிடும்.

பட்டா, பட்டு மாதிரியா?

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். இளம்பிள்ளையில் பெரும்பாலும் விசைத்தறியில் ஓடுவது செமி சில்க், ஆர்ட் சில்க், காட்டன் கலந்த ரகங்கள். கட்டினால் கல்யாண வீட்டில் கண் பறிக்கும். விலையோ கைக்கு அடக்கம். அதுதான் இந்த ஊரின் பெருமை. அதை அசல் பட்டு என்று சொல்லி விற்றால்தான் பிரச்சினை.

நேர்மையான கடை கேமரா முன்னாலேயே போட்டு உடைத்துவிடும்: "இது ப்யூர் சில்க் இல்ல, செமி சில்க். ஜரி, காப்பர் ஜரி." அசல் ஜரிகை என்றால் பட்டு இழையில் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் ஏற்றியது. அது இந்த விலைக்கு வரவே வராது. இதைத் தெரிந்த வாடிக்கையாளருக்கு அந்த ஒரு வாக்கியம் கேட்டதுமே கடை மேல் மரியாதை கூடிவிடும். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் உண்மையைச் சொல்கிறவர், கிழிந்த சேலையை அனுப்ப மாட்டார் என்று மனசு தானாகவே முடிவு கட்டுகிறது.

அசல் பட்டுதான் வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. 2004-இல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை, தூய பட்டுக்கான அடையாளம். கைத்தறிக்கு 2006-இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறது. வீட்டிலேயே பார்ப்பதென்றால், முந்தியின் ஓரத்து இழை ஒன்றைப் பிரித்துக் கொளுத்துங்கள். பட்டு, முடி கருகும் வாசனையோடு பொடியாக உதிரும். செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். இதையே கேமரா முன் கொளுத்திக் காட்டும் பட்டுக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். விளம்பரத்துக்கு இதைவிடச் சிறந்த காட்சி எந்த ஏஜென்சி யோசித்துக் கொடுக்கும்?

நம்பரை ஏன் சேவ் பண்ணச் சொல்கிறார்கள்?

லைவ் ஓடுகிற அறைக்கு அடுத்த அறையில்தான் உண்மையான பரபரப்பு. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு சார்ஜர். டிங், டிங், டிங் என்று ஸ்கிரீன்ஷாட்டுகள் கொட்டுகின்றன. முகூர்த்த நாள் பந்தியில் இலை போட்டதும் நடக்கிற பரிமாறல் மாதிரி ஒரே ஓட்டம்!

வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலி 2018-இல் வந்தது. இறக்கிக்கொள்ளக் காசு கிடையாது. அதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். பேசுகிற ஒவ்வொருவருக்கும் நிறச் சீட்டு ஒட்டலாம்: புது வாடிக்கையாளர், புது ஆர்டர், பணம் வரவேண்டியது, பணம் வந்தது, ஆர்டர் முடிந்தது. ஒரு சாய்கோடு தட்டினால் முன்பே எழுதி வைத்த பதில் வந்து நிற்கும். பொருள் பட்டியலில் 500 ரகங்கள் வரை படம், விலையோடு அடுக்கலாம். ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்கள் மட்டும் வைத்திருந்த வசதி, இன்று ரெண்டு ஆள் கடையின் உள்ளங்கையில்!

வீடியோவுக்கு வீடியோ "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று கெஞ்சுவது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? ரகசியம் இதுதான். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் கடையின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆக, உங்கள் போனில் ஒரு பெயராக இடம் பிடிப்பதுதான் கடைக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டு. அதைக் கொடுப்பதும் எடுப்பதும் உங்கள் கையில். இடைவிடாமல் செய்தி அனுப்பித் தொல்லை செய்கிற கடைக்கு இது ஒரு தட்டில் பறிபோய்விடும். நல்ல கடைகள் புது ரகம் வந்தால் மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா?

நடுவில் நிற்கும் ரீசெல்லர் அக்கா

இந்தக் கதையின் கண்ணுக்குத் தெரியாத நாயகி இவர்தான். வீட்டிலிருந்தபடியே, ஒரு சேலையைக்கூட இருப்பு வைக்காமல், கடை அனுப்பும் படங்களைத் தன் ஸ்டேட்டஸில் போட்டு, தனக்கென்று சிறு தொகை சேர்த்து விற்பவர். பார்சல் கடையிலிருந்து நேரே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும். பெட்டியின் மேல் இருப்பது ரீசெல்லரின் பெயர்.

அவரிடம் வாங்குகிறவர்கள் யார்? அக்கம்பக்கம், சொந்தபந்தம், பிள்ளை படிக்கிற பள்ளியின் வாசலில் அறிமுகமான அம்மாக்கள். அவர்கள் நம்புவது இளம்பிள்ளைக் கடையை அல்ல, இந்த அக்காவை. சேலை சாயம் போனால் மறுநாள் கோயிலில் எதிரே வந்து நிற்பார்கள்! அதனால் கடை பொய் சொன்னால் ரீசெல்லர் வட்டமே கழன்றுவிடும். கடை ஒழுங்காக நடந்தால் ஒவ்வொரு ரீசெல்லரும் ஒரு கிளை. வாடகை இல்லை, போர்டு இல்லை, மின்கட்டணம் இல்லை. இருப்பது அவர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு மட்டும்.

காசு விழுந்துச்சா?

2016-இல் யுபிஐ வந்திராவிட்டால் இந்த மொத்தக் காட்சியும் கிடையாது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய கையோடு பணமும் போய்விடுகிறது. ஒரே சேலைக்குப் பத்துப் பேர் கேட்டால், முதலில் பணம் போட்டவருக்கே சேலை. கடையின் மூலையில் ஒலிப்பெட்டி வந்த தொகையைக் கூவுகிறது. கேட்கக் கேட்கக் குதூகலம்!

இங்கேதான் கடைக்காரரின் பயமும் இருக்கிறது. பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் தயாரித்து அனுப்பும் கூட்டம் உண்டு. அதனால் படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகே சேலை பேக்கிங் மேஜைக்குப் போகிறது. வாங்குபவருக்கும் ஒரு காவல் இருக்கிறது. பின் எண்ணை அழுத்தும் முன், பணம் யாருக்குப் போகிறது என்ற பெயர் திரையில் வரும். கடைப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையென்றால் நிறுத்திக் கேளுங்கள். இன்னொன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பணம் பெறுவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண் போடவும் வேண்டாம். ரீஃபண்ட் தருகிறேன், ஸ்கேன் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் அவர் கடைக்காரரே அல்ல.

"கேஷ் ஆன் டெலிவரி இருக்கா?" என்ற கேள்விக்கு ஏன் பல சின்னக் கடைகள் இல்லையென்று சொல்கின்றன? வாசலுக்கு வந்த பார்சலை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் அதிகம். இருவழிச் செலவும் கடை தலையில். கடை நம்மை நம்ப வேண்டிய இடம் அது.

பேக்கிங் மேஜையில் ஒரு பரீட்சை

கவருக்குள் போகும் முன் சேலை நீள மேஜையில் விரிகிறது. செக்கிங்! இழை அறுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, ஜரி எங்காவது பிசிறு விட்டிருக்கிறதா என்று கண்கள் ஓடுகின்றன. தறியில் ஓடிய துணியில் சிறு குறை வருவது சகஜம். அது வாடிக்கையாளர் கையில் போய்த் தெரிவதா, இந்த மேஜையிலேயே பிடிபடுவதா என்பதில்தான் கடையின் பெயர் இருக்கிறது. சில கடைகள் குறையுள்ள சேலைகளைத் தனியே எடுத்து, குறை எங்கே என்று வீடியோவிலேயே விரல் வைத்துக் காட்டி, விலை குறைத்து விற்கின்றன. அவையும் பறந்துவிடுகின்றன!

பார்சல் மேல் ஒட்டும் அந்தப் புகழ்பெற்ற வாசகம்: "ஓபனிங் வீடியோ கட்டாயம்." உறையைக் கிழிப்பதற்கு முன்பே தொடங்கி, சேலையை முழுக்க விரிக்கும் வரை வெட்டாமல் எடுத்த வீடியோ இருந்தால்தான் மாற்றித் தருவார்கள். வாடிக்கையாளருக்கு இது தொந்தரவாகத் தோன்றலாம். ஆனால் இரு தரப்புக்கும் பொதுவான சாட்சி அது ஒன்றுதான். கடையும் தன் பங்குக்கு பேக்கிங் வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் அழகு.

ஷட்டரைத் தூக்கு, படம் எடு!

இதைத் தெரிந்துகொண்டபோது துள்ளிக் குதிக்கத் தோன்றியது. கூகுள் மேப்பில் ஒரு கடை தன்னைப் பதிவு செய்ய விரும்பினால், பல சமயம் கூகுள் கேட்பது வெட்டாத ஒரு வீடியோ. தெருவையும் அக்கம்பக்கக் கடைகளையும் காட்டு, போர்டைக் காட்டு, பூட்டைத் திறந்து உள்ளே போ, சரக்கைக் காட்டு, நீதான் நடத்துகிறாய் என்பதற்கு அடையாளம் காட்டு! கடைக்காரர் போனை நீட்டியபடி தன் தெருவில் நடந்து வந்து, ஷட்டரைத் தூக்கி, சேலை அலமாரிக்குள் நுழைகிறார். முழுக்க இலவசம். சின்னக் கடைக்குக் கிடைக்கிற மிகப் பெரிய விளம்பரப் பலகை இது என்று அடித்துச் சொல்வேன். ஏனென்றால் மோசடிக் கணக்குகளிடம் இல்லாத ஒரே சொத்து, திறந்து காட்டக்கூடிய ஒரு ஷட்டர்.

காசு கொடுத்துச் செய்யும் விளம்பரமும் எட்டாத உயரத்தில் இல்லை. இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் சில நூறு ரூபாயோடு தொடங்கலாம். எந்த ஊரைச் சுற்றி எத்தனை கிலோமீட்டருக்குள், எந்த வயதினருக்குக் காட்ட வேண்டும் என்று கடையே தேர்ந்தெடுக்கலாம். விளம்பரத்தைத் தட்டினால் நேரே வாட்ஸ்ஆப் உரையாடல் திறக்கும்படி வைக்கலாம். ஆனால் விளம்பரம் வாசல் வரைதான் ஆளைக் கூட்டி வரும். உள்ளே பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் போட்ட காசு வீண்.

சேலைக்கு மட்டுமல்ல இந்த வித்தை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, உடன்குடிப் பனங்கருப்பட்டி, மணப்பாறை முறுக்கு எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. ஊர்ப் பெயரே உத்தரவாதம்! அந்த ஊரில் பத்துக்குப் பத்து அறையில் பாகு காய்ச்சுகிறவர், அடுப்பையும் வாணலியையும் காட்டி ஒரு நிமிட ரீல்ஸ் போட்டால், பெட்டியின் மேல் இருக்கும் 14 இலக்க உணவு உரிம எண்ணையும் காட்டினால், வாங்க ஆளா இல்லை?

நாமும் கொஞ்சம் துப்பறியலாம்

திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் வசதி நமக்கும் இருக்கிறது, அதுவும் வீட்டிலிருந்தே! இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கின் 'இந்தக் கணக்கைப் பற்றி' பகுதியைத் தட்டினால், அது எப்போது தொடங்கியது, முன்பு வேறு பெயரில் இருந்ததா என்று பார்க்கலாம். போன மாதம் வேறு பெயரில் செருப்பு விற்ற பக்கம் இன்று பட்டு விற்கிறதென்றால் ஜாக்கிரதை. இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகத்தில் ஒரு பக்கம் இப்போது ஓட்டும் விளம்பரங்களை யாரும் பார்க்கலாம். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் அது 15 எழுத்துகள் கொண்டிருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடையின் பெயர் வந்து நிற்கும்.

சட்டமும் நம் பக்கம். 2020-இல் வந்த இணைய வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவரே வாடிக்கையாளர் வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. இணைய விமர்சனங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையே வந்துவிட்டது. குறை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும், பணமே மோசடியில் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள்.

ஆனாலும் மொத்தமும் சுற்றி வந்த பிறகு மனசில் நிற்பது சட்டமல்ல. மேஜை மேல் குனிந்து இழை தேடும் அந்தக் கண்கள். "நேர்ல ஒரு ஷேடு லைட்டா இருக்கும்" என்று விற்பனைக்கு நடுவில் சொல்லிவிடும் அந்த வாய். பெரிய நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டி வாங்கத் துடிக்கிற நம்பிக்கையை, இந்தச் சின்னக் கடைகள் தினமும் கையால் செய்கின்றன. அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவி செலவே இல்லாதது. அடுத்த முறை நல்ல சேலையோ நல்ல முறுக்கோ வந்தால், பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, வாங்கிய பொருளின் பெயரைச் சொல்லி, உண்மையாக நாலு வரி ரிவ்யூ எழுதுங்கள். குறை இருந்தால் முதலில் கடைக்குச் சொல்லி, சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள், அவர்கள் சரிசெய்ததையும் சேர்த்தே எழுதுங்கள். முன்பின் தெரியாத இன்னொருவர் அந்த நாலு வரியை நம்பித்தான் பணம் அனுப்பப் போகிறார்.